கிணற்றுக் கயிறும் நெசவாளர் முடிச்சும்

சென்ற கோடையில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிட, வாளி தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கியது. பழைய தேங்காய்நார்க் கயிற்றில் 3 அடி போதவில்லை. இதற்காகப் புதுக்கயிறு வாங்கக் காரைக்குடி வரை போவானேன் என்று, துணி காயப்போடும் நைலான் கொடியில் ஒரு துண்டை வெட்டி வாளியில் கட்டி, அதன் மறுநுனியை நார்க்கயிற்றோடு வழக்கமான இரட்டை முடிச்சால் இணைத்தேன். நான்காவது வாளி பாதிக் கிணறு ஏறியபோது கை திடீரென லேசானது. தண்ணீரில் வாளி விழுந்த சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. மேலே வந்த நார்க்கயிறு அறுந்திருக்கவில்லை. நைலான் அதிலிருந்து உருவிக்கொண்டு போயிருந்தது. அப்பத்தா, கிணற்றில் விழுந்ததைக் கொக்கியில் மாட்டித் தூக்கும் பாதாளக்கரண்டியை எடுத்துவரச் சொல்லிவிட்டு, "அதையாச்சும் ஒழுங்காக் கட்டி எறக்குப்பா" என்றார்.

நான் போட்டது மூட்டை கட்டும் முடிச்சு. மூட்டையின் மேல் அழுந்திக் கிடக்கும் வரை அது நன்றாகவே நிற்கும். ஆனால் அழுந்துவதற்கு ஒன்றும் இல்லாமல் அந்தரத்தில் இரண்டு கயிறுகளை இணைக்க அது உதவாது. சந்தேகம் இருப்பவர்கள் அதில் ஒரு கயிற்றின் இரு பக்கங்களையும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்க்கலாம்: அந்தக் கயிறு நேராகிவிடும், மற்றது அதன்மேல் வெறும் வளையமாக நின்று வழுக்கிக்கொண்டு போகும். ஒன்று தடித்த நாராகவும் மற்றொன்று வழுவழுப்பான நைலானாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்குச் சரியான முடிச்சை நான் பார்த்தது கயிற்றுக் கடையில் அல்ல, காரைக்குடியில் ஒரு கைத்தறியில். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை அங்கே நெய்யப்பட்டுக்கொண்டிருந்தபோது தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று அறுந்தது. நெய்தவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இரு நுனிகளையும் குறுக்கே வைத்து, நான் குனிந்து பார்ப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிட்டார். அதுதான் நெசவாளர் முடிச்சு. கப்பலில் பாய்க்கயிறு கட்டுவதும் அமைப்பில் இதே முடிச்சுத்தான்.

கயிற்றில் போடும்போது, தடித்த கயிற்றின் நுனியை மடித்து ஒரு காது போல வைத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய கயிற்றைக் காதுக்குள் கீழிருந்து மேலாக நுழைத்து, காதின் இரண்டு கால்களையும் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, மீண்டும் காதுக்குள் விடாமல் தன் அடியிலேயே செருகி இறுக்க வேண்டும். இரண்டு குட்டை நுனிகளும் ஒரே பக்கத்தில் இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். மடிக்க வேண்டியது தடித்த கயிறு. மாற்றி மடித்தால் பிடிப்பு குறைந்துவிடும்.

கிணற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. முடிச்சு கப்பியில் ஏறினால் சிக்கிக்கொள்ளும் என்பதால், ஒட்டுப்போடும் சிறு துண்டு வாளிப் பக்கம்தான் இருக்க வேண்டும். அதன் நீளமும் கிணற்றுச் சுவருக்கு மேல் கப்பி நிற்கும் உயரத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் வாளிப் பக்கத்து முடிச்சோ, வாளி தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு முறையும் தொய்கிறது. சுமை இருக்கும்வரை கெட்டியாக நிற்கும் நெசவாளர் முடிச்சு, இப்படித் தொய்ந்து குலுங்கினால் மெல்ல நெகிழும். ஆகவே ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றிச் செருக வேண்டும். நுனிகளையும் தாராளமாக விட்டு, கயிற்றோடு சேர்த்துச் சணலால் கட்டிவிட வேண்டும். இரண்டுமே நைலானாக இருந்தால் ஒவ்வொரு நுனியையும் மற்றதன்மேல் இருமுறை சுற்றி, அந்தச் சுற்றுகளுக்குள்ளேயே நுழைத்து இறுக்குகிற மீனவர் முடிச்சை நான் தேர்ந்தெடுப்பேன். அது இறுகிவிட்டால் அவிழ்ப்பது பெரும்பாடு, கிணற்றுக் கயிற்றில் அது குறையல்ல.

பாதாளக்கரண்டி அன்று முதலில் எடுத்துவந்தது என் வாளியை அல்ல, எந்தக் காலத்திலோ விழுந்த ஒரு பித்தளைச் செம்பை. அதன் கழுத்தில் ஒரு துண்டுக் கயிறு இன்னும் கட்டியபடியே இருந்தது.