நாலு பேருக்காக ஒரு கேம்

தனியாளாக ஆன்லைன் மல்டிபிளேயர் கேம் செய்யப் போகிறேன் என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இரண்டாவது ஆள் எங்கேயிருந்து வருவார்? எந்த எஞ்சின், எந்த மொழி, படம் யார் வரைகிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். ஒருவர் மட்டும் ஆடுகிற கேமை ஒருவர் திறந்தாலே போதும். பலர் சேர்ந்து ஆடுகிற கேமை ஒருவர் மட்டும் திறந்தால் அங்கே கேமே இல்லை. ‘மற்ற ஆட்டக்காரருக்காகக் காத்திருக்கிறோம்’ என்று ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருக்கும். கொஞ்ச நேரம் பார்ப்பார், மூடிவிட்டுப் போய்விடுவார். அவர் போன பிறகு அடுத்தவர் வருவார், அவருக்கும் அதே வட்டம். நல்ல கேம்கள் எத்தனையோ இப்படித்தான் செத்துப்போகின்றன.

பெரிய நிறுவனம் என்றால் விளம்பரத்துக்குப் பணம் கொட்டி ஆளைக் கொண்டுவரும். தனியாளுக்கு அது முடியாது. அதனால் அவர் கேமின் அமைப்பிலேயே இதற்கு வழி தேட வேண்டும். அப்படித் தேடியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அகார்.ஐஓ என்ற கேமைச் செய்த மத்தேயுஸ் வலடாரெஸ். 2015-இல் அதை வெளியிட்டபோது பிரேசிலைச் சேர்ந்த அவருக்கு 19 வயது. பிரவுசரைத் திறந்து ஒரு பெயரைத் தட்டினால் உடனே ஒரு சிறு வட்டமாகப் பெரிய மைதானத்துக்குள் விழுவீர்கள். காத்திருக்கும் அறை என்று ஒன்றே கிடையாது. சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் கிடக்கும், தின்றுகொண்டே வளரலாம். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் கைக்கு வேலை இருக்கிறது. நடுவில் எழும்பிப் போனால் மற்றவர்களின் ஆட்டம் குலைவதில்லை. பார்க்க மிகவும் எளிமையான கேம், ஆனால் ஆளில்லாத அறை என்ற சிக்கலை அடியோடு இல்லாமல் செய்த கேம். அடுத்த வருடம் ஸ்டீவ் ஹவ்ஸ் செய்த பாம்பு விளையாட்டு ஸ்லித்தர்.ஐஓவும் இதே வழியில் வந்தது.

இரண்டாவது வழி அமாங் அஸ் காட்டியது. ‘இன்னர்ஸ்லோத்’ என்ற சின்னக் குழு 2018-இல் அதை வெளியிட்டபோது அது ஒரே இடத்தில் கூடியிருக்கும் நண்பர்கள் கைபேசியில் ஆடுவதற்கான கேம். இணையம் வழியாக ஆடும் வசதி பின்னர்தான் சேர்ந்தது. இரண்டு வருடம் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2020-இல் ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, தாங்கள் ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிற ஸ்ட்ரீமர்கள் அதை எடுத்து ஆட, உலகமே பின்னால் போனது. அந்த நேரம் அவர்கள் இரண்டாம் பாகத்தை அறிவித்திருந்தார்கள். அதைக் கைவிட்டுவிட்டு, ஆட்கள் இருக்கிற முதல் கேமையே திருத்துவது என்று முடிவெடுத்தார்கள். நான் மதிக்கிற முடிவு அது. அந்தக் கேமின் உயிர் அறைக் குறியீட்டில் இருந்தது என்பது என் எண்ணம். சில எழுத்துகளை நண்பருக்கு அனுப்பினால் அவர் அதே அறைக்குள் வந்துவிடுவார். முன்பே அறிமுகமான ஒரு கூட்டம், கூடுவதற்கு ஓர் இடம்.

நான் போனது இந்த இரண்டாவது வழியில். எனக்குத் தெரிந்த கூட்டம் என் குடும்பம். பெரியம்மா யாழ்ப்பாணத்து உரும்பிராயில், மாமா பாரிஸில், பெரியம்மாவின் மகன் அண்ணா லண்டன் ஹரோவில், நான் கனடாவின் ஸ்காபரோவில். நாலு பேர். நாலு பேர் என்றால் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வேறு யோசனையே வராது, 304 என்ற சீட்டு விளையாட்டுதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஏழிலிருந்து ஏஸ் வரை 32 சீட்டுகள். எதிரும் எதிருமாக இருப்பவர்கள் சோடி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரே சின்னமுள்ள எட்டுச் சீட்டு ஒரு வகை. ஒரு வகையில் 76 புள்ளி, நாலு வகைக்கும் சேர்த்து 304. முதலில் நாலு நாலு சீட்டுப் போட்டு, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்பார்கள். கூடக் கேட்டவர் துரும்பை, அதாவது மற்ற வகைகளை வெட்டும் வகையின் சீட்டு ஒன்றை, கவிழ்த்து வைப்பார். அப்புறம் மிச்ச நாலு.

அந்தக் கவிழ்த்து வைத்த துரும்பில்தான் இந்த விளையாட்டின் முழுச் சுவையும் இருக்கிறது, கேம் எழுதுகிறவருக்கு வேலையும் அங்கேதான். சுற்றில் முதலில் இறங்கிய வகை கையில் இல்லாதவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து இறக்குவார். அது வெட்டா, சும்மா தள்ளியதா என்று துரும்பு வைத்தவர் மட்டும் எடுத்துப் பார்ப்பார். எங்கள் வீட்டு விதி இப்படித்தான். இதை ஆன்லைனில் கொண்டுவரும்போது பலர் செய்வது, எல்லாச் சீட்டுகளையும் எல்லாருடைய பிரவுசருக்கும் அனுப்பிவிட்டுத் திரையில் மட்டும் மறைப்பது. கொஞ்சம் விஷயம் தெரிந்த மருமகப் பிள்ளை ஒருவர் பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்தால் போதும், கேமை நடுவில் இருந்து நடத்துகிற கணினியான சேர்வரிலிருந்து வந்ததெல்லாம் வரிவரியாகத் தெரியும். அதனால் என் சேர்வர் ஒவ்வொருவருக்கும் அவரவர் கண் பார்க்கக்கூடியதை மட்டும் அனுப்புகிறது. மாமாவின் கையில் என்ன இருக்கிறது என்பது என் கணினிக்கு வருவதே இல்லை. அவரிடம் எத்தனை சீட்டு மிச்சம் என்ற எண்ணிக்கை மட்டும் வரும். கவிழ்த்த சீட்டு துரும்பு வைத்தவருக்கு மட்டும் போகும். வெட்டு இருக்கிறதா என்று சேர்வருக்கு முன்பே தெரியும், அதுவே சொல்லிவிடலாம். ஆனால் பெரியம்மா சீட்டைத் தொட்டு மெதுவாகத் திருப்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் இருக்கிற அந்த மூன்று செக்கனை நான் யாரிடமிருந்தும் பறிக்க மாட்டேன். அவ திருப்பும் வரை சேர்வர் காத்திருக்கும்.

இப்போது சீட்டுக் கலக்குகிற விஷயம். நான் முதலில் போட்டது எல்லாரும் போடுகிற ஃபிஷர்–யேட்ஸ் முறை. 32 சீட்டுகளை அடுக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கை 36 இலக்கம் கொண்டது. அத்தனை அடுக்குக்கும் சம வாய்ப்புக் கொடுக்கிற முறை அது. கணக்குப்படி அதைவிட நியாயம் கிடையாது. ஆனால் மாமாவுக்குத் திருப்தியில்லை.

“பிள்ளை, இந்தக் கொம்பியூட்டருக்குச் சீட்டுப் போடத் தெரியேல்ல.”

“ஏன் மாமா, என்ன நடந்தது?”

“ஒருத்தருக்கும் துணிஞ்சு கேக்கிற மாதிரி ஒரு கை விழேல்லையே. எல்லாருக்கும் எல்லாத்திலயும் ரெண்டு ரெண்டு.”

வயதானவர்களின் பிரமை என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். எனக்கு மாமா சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. மேசையில் உண்மையான சீட்டுக்கட்டை வைத்து ஆடிப் பார்த்தேன். ஒரு சுற்றில் இறங்கும் நாலு சீட்டுகளும் பெரும்பாலும் ஒரே வகை. ஏனென்றால் முதலில் இறங்கிய வகை கையில் இருந்தால் அதை இறக்கத்தான் வேண்டும். வென்றவர் அந்த நாலையும் ஒன்றாக அள்ளிக் கவிழ்த்து வைக்கிறார். ஆட்டம் முடிந்ததும் அவற்றை ஒன்றாக்கி, கட்டிலிருந்து அஞ்சாறாக உருவி மேலே போட்டு, ஒரு வெட்டு வெட்டி, நாலு நாலாகப் போடுகிறோம். ஒட்டிக்கிடந்த அந்த ஒரே வகைச் சீட்டுகள் முழுதாகப் பிரியாமல் ஒரே ஆளின் கைக்குப் போய்ச் சேர்கின்றன. அதனால்தான் வீட்டுத் திண்ணையில் ஒரே வகையில் நாலைந்து சீட்டோடு பலமான கைகள் அடிக்கடி விழுந்தன. ஒவ்வொன்றாகப் பங்கிடுகிற விளையாட்டில் இதே அரைகுறைக் கலக்கு எதிர்மாறான வேலையைச் செய்திருக்கும், வகைகளை எல்லாருக்கும் பரவலாக்கிவிடும். 304 நாலாகப் போடுவதால் இப்படி. மாமா பல வருடம் ஆடிய விளையாட்டின் கணக்கு அவருடைய விரலில் இருந்தது. என் சேர்வர் போட்டது வேறொரு விளையாட்டு.

ஆகவே ‘வீட்டுக் கலக்கு’ என்று ஒன்று எழுதினேன். முந்தைய ஆட்டத்தில் சீட்டுகள் எந்த ஒழுங்கில் அள்ளப்பட்டனவோ அதைச் சேர்வர் வைத்திருக்கும். மனிதர் கை செய்வதுபோலச் சிறு கட்டுகளாக உருவி மாற்றும், வெட்டும், நாலு நாலாகப் போடும். அறையைத் திறக்கிறவர் எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். முந்தைய ஆட்டத்தை நினைவில் வைத்திருப்பவர் எந்தச் சீட்டு எங்கே போயிருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாமே, அது சரியா என்று ஒரு நண்பர் கேட்டார். திண்ணையிலும் நினைவாற்றல் உள்ளவர் அதைத்தான் செய்தார், செய்யட்டும். மாமா இப்போது 250 கேட்கிறார், சத்தம் போட்டுக் கேட்கிறார்.

வேகம் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. அகார் மாதிரிக் கேமில் சேர்வர் ஒரு செக்கனுக்குப் பல தடவை எல்லாருடைய இடத்தையும் அனுப்ப வேண்டும். பிரவுசரையும் சேர்வரையும் இணைக்கிற வெப்சொக்கெற் என்ற வழி ஒழுங்கு தவறாமல் அனுப்புகிற வகை என்பதால், வழியில் ஒரு துண்டு தொலைந்தால் அது திரும்ப வரும்வரை பின்னால் வந்தவையும் நிற்கும். சீட்டு விளையாட்டில் அரைச் செக்கன் தாமதம் யாருக்கும் தெரியாது. சேர்வரை பிராங்பேர்ட்டில் வைத்திருக்கிறேன், எல்லாருக்கும் நடுவில்.

எங்களுக்கு உண்மையான பிரச்சினை கைபேசி. கோடை காலத்தில் ஸ்காபரோவில் ஞாயிறு காலை 11 மணி என்றால் லண்டனில் பின்னேரம் 4, பாரிஸில் 5, உரும்பிராயில் இரவு 8.30. அந்த நேரம் பெரியம்மாவுக்கு யாராவது போன் எடுப்பார்கள். அவ பேசப் போனதும் பின்னணிக்குப் போன பிரவுசரைக் கைபேசி உறங்க வைத்துவிடும், இணைப்பு அறுந்துவிடும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அறும். பொதுவாகக் கேம்கள் இந்த இடத்தில் ஆளை வெளியேற்றும், அல்லது அவருக்குப் பதிலாகத் தானே ஆடுகிற ‘போட்’ என்ற நிரலை உட்கார வைக்கும். என் கேமில் கதிரை அவவுடையதுதான். முதல் தடவை உட்காரும்போதே அந்தக் கதிரைக்கான சாவி ஒன்றை அவவின் கைபேசியில் சேமித்து வைக்கிறேன். திரும்பி வந்ததும் அதைக் காட்டித் தன் எட்டுச் சீட்டோடு அதே இடத்தில் உட்காருவா. அதுவரை மற்றவர்களின் திரையில் ‘பெரியம்மா வருவா’ என்று நிற்கும். நேரம் எண்ணுகிற கடிகாரம் எதுவும் ஓடாது. அரட்டை வசதியும் வைக்கவில்லை. வட்ஸ்அப்பில் குரூப் கோல் ஓடிக்கொண்டே இருக்கிறது, கதை முழுக்க அங்கேதான். கேமின் ஒலியை அடியோடு நிறுத்தியிருக்கிறேன், பேச்சுக்குக் குறுக்கே வரக்கூடாது என்பதற்காக.

உள்நுழைவு, கடவுச்சொல் எதுவும் கிடையாது. அறைக்கு நுங்கு, புழுக்கொடியல், பனங்கட்டி என்று பெயர். போனில் சொல்லவும் கேட்கவும் லேசு. தமிழ் விசைப்பலகை இல்லாதவர்கள் இணைப்பைத் தட்டி வரலாம்.

பணம் வைத்து ஆடுகிற வசதி சேர்த்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. சேர்க்க மாட்டேன். தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்தியைப் படித்தவர் எவரும் இதை இரண்டாம் தடவை யோசிக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டமே கொண்டுவந்தது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். சேர்வர் செலவு சின்னது. ஓர் அறைக்கு ஒரு பக்க எழுத்தளவு நினைவகம்கூட வேண்டாம்.

இப்போது நாலு பேரையும் தாண்டி, நண்பர்களின் குடும்பங்கள் சிலவும் தங்கள் அறைகளைத் திறந்து ஆடுகின்றன. வேறு வீட்டு விதிகள் கேட்டு எழுதுகிறார்கள், முடிந்தவற்றைச் சேர்க்கிறேன். அடுத்த வேலை, சுற்றி நின்று பார்க்கிறவர்களுக்கான இடம். ஹரோ அண்ணாவின் மகளுக்குப் பத்து வயது, தகப்பனின் தோளுக்குப் பின்னால் நின்று ஆட்டம் பழக வேண்டுமாம், ஆனால் பார்க்கப் பிடித்திருப்பது உரும்பிராய் அப்பம்மாவின் ஆட்டம்தான். ஆகவே பார்க்க வருகிறவர் ஒருவரின் பின்னால் மட்டும் நிற்கலாம், அவர் விட்டால்தான் கை தெரியும், ஆட்டம் முடியும்வரை இன்னொருவர் பின்னால் மாறிப்போக முடியாது. இந்த வாரம் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.