ஓட்டை சின்னது, ஒப்பரேஷன் சின்னதில்லை

பித்தப்பையில் கல் என்று ஸ்கானில் தெரிந்துவிட்டால் திருகோணமலையில் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "கமரா விட்டுத்தானே செய்வினம்?" என்பதுதான். ஓம் என்று டொக்டர் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். நாலு சின்ன ஓட்டை, ஒரு நாள் வார்ட், அடுத்த கிழமை கோணேசர் கோயிலுக்கு ஏறலாம் என்று வீட்டில் பேச்சு ஓடும். அந்த நிம்மதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சுருங்கியது தோலில் போடும் வெட்டு மட்டும்தான். உள்ளே இருந்து எடுக்கிற பித்தப்பை அதேதான், அதை ஒட்டிக் கிடக்கிற ஈரலும் குடலும் இரத்தக் குழாய்களும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. இதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் தியேட்டருக்குள் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு வலது விலாவுக்குக் கீழே நீளமாக வெட்டித் திறந்துதான் பித்தப்பையை எடுப்பார்கள், வேலைக்குத் திரும்ப 4 முதல் 6 கிழமை ஆகும். சின்ன ஓட்டைகளால் கமராவும் கருவிகளும் விட்டுச் செய்கிற லப்பரஸ்கோப்பியில் பெரும்பாலானோர் அன்றே அல்லது அடுத்த நாள் வீட்டுக்குப் போகிறார்கள், ஒன்றிரண்டு கிழமையில் வழக்கமான வேலைக்குத் திரும்புகிறார்கள். வலி குறைவு, காயத்தில் சீழ் பிடிப்பதும் குறைவு. கடலுக்குப் போகிறவருக்கும் கூலி வேலைக்குப் போகிறவருக்கும் அந்த ஒரு மாத வித்தியாசம் என்பது அடுப்பு எரிகிற விஷயம். டொக்டர் சரி என்றால் நானும் இந்த முறையைத்தான் கேட்பேன்.

என் மாமிக்குச் செய்தபோது பக்கத்தில் நின்றேன். மயக்கம் தெளிந்து கொஞ்ச நேரத்தில் வலது தோளைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, வயித்தில செய்த ஒப்பரேஷனுக்குத் தோள் ஏன் இப்பிடி உளையுது? ஹார்ட்டில ஏதுமோ?" என்று கேட்டா. முகம் வெளிறிப்போயிருந்தது. வந்து பார்த்த நேர்ஸ் மிஸ்தான் விளக்கினார். உள்ளே கருவி அசைய இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றுக்குள் கார்பன் டயொக்சைட் வாயுவைச் செலுத்தி ஊத வைப்பார்கள், அழுத்தம் சாதாரணமாக 12 முதல் 15 மில்லிமீற்றர் பாதரசம். வேலை முடிந்து வெளியே விட்டாலும் கொஞ்சம் மிஞ்சி நின்று, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகிற நரம்பும் தோள்பட்டை உணர்வும் முள்ளந்தண்டில் ஒரே இடத்தில் சேர்வதால் வலி தோளில் தெரிகிறது. எழும்பி நடந்தால் இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். இதை முதல் நாளே ஒரு வசனத்தில் சொல்லியிருந்தால் மாமி அந்தளவுக்குப் பயந்திருக்க மாட்டா. ஆனால் ஒன்று, மூச்சு வாங்குவதும் நெஞ்சு இறுக்கமும் சேர்ந்து வந்தால் அதைக் 'காஸ்' என்று விட்டுவிடக் கூடாது, உடனே சொல்ல வேண்டும்.

சரி, உண்மையான ஆபத்துக்கு வருவோம். இந்த முறையில் பித்தப்பையை முதன்முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் எரிக் மூஹே, 1985இல். அடுத்து 1987இல் பிரான்சின் லியோனில் ஃபிலிப் மூரே செய்தார், அதன் பிறகு சில வருடங்களிலேயே உலகம் முழுவதும் பரவிவிட்டது. பரவிய வேகத்தோடு ஒரு பிரச்சினையும் கூடவே வந்தது: பித்தநாளக் காயம். திறந்து செய்யும்போது ஆயிரம் பேரில் ஒருவர் இருவருக்கு நடந்தது, லப்பரஸ்கோப்பி வந்த ஆரம்ப வருடங்களில் ஆயிரத்துக்கு நாலைந்தாகக் கூடியது. காரணம் இதுதான்: பித்தப்பையிலிருந்து வருகிற சிறு குழாயைத்தான் கிளிப் போட்டு வெட்ட வேண்டும், அது போய்ச் சேர்வது ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகிற பொதுப் பித்தநாளத்தில். வீங்கி, ஒட்டிப்போய்க் கிடக்கும்போது திரையில் பார்த்து வேலை செய்கிற கண்ணுக்கு இதுவும் அதுவும் ஒன்றுபோலத் தெரிந்துவிடும், விரலால் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. பொதுப் பித்தநாளம் வெட்டுப்பட்டால் அதைச் சரிசெய்வது பெரிய ஒப்பரேஷன், சிலருக்கு வருடக்கணக்கில் தொல்லை தொடரும். 1995இல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு விதியைத் தெளிவாக எழுதிவைத்தார்: பித்தப்பையின் அடிப்பகுதியை ஈரலிலிருந்து பிரித்து, கொழுப்பையும் சவ்வையும் துப்புரவாக்கி, பித்தப்பைக்குள் போகிறவை அந்தச் சிறு குழாயும் ஒரு இரத்தக் குழாயும் என இரண்டே இரண்டு என்று கண்ணால் உறுதிப்படுத்தும் வரைக்கும் எதையும் வெட்டாதே. இன்று நல்ல சேர்ஜன்கள் பிடித்துக்கொண்டு நிற்கிற விதி அது.

அந்த இரண்டும் தெளிவாகத் தெரியாவிட்டால்? அப்போது திறந்து செய்வார்கள். இந்த இடத்தில்தான் எங்கள் சனத்தோடு எனக்குக் கோபம் வருகிறது. "கமரா விட்டவை, சரிவரேல்ல, பிறகு வெட்டிட்டினம்" என்று ஏதோ டொக்டர் கைவிட்டமாதிரிப் பேசுவார்கள். திட்டமிட்டுச் செய்கிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக் கிட்ட இப்படித் திறக்க வேண்டி வரும், கடுமையாக வீங்கியிருந்தால் இன்னும் கூடும். இரத்தம் கசிகிறது, ஒன்றும் தெளிவில்லை என்று கண்டவுடன் நிறுத்தித் திறக்கிற டொக்டர் உங்கள் பித்தநாளத்தைக் காப்பாற்றியிருக்கிறார். கையெழுத்து வைக்கும்போதே "திறக்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள், இங்கேயே செய்வீர்களா?" என்று கேட்டு வையுங்கள். அஸ்பிரின், குளோபிடோக்ரெல், வோர்ஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் குளிசை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது.

எல்லா வியாதிக்கும் சின்ன ஓட்டைதான் சிறந்தது என்றும் இல்லை. பெருங்குடல் புற்றுநோயில் லப்பரஸ்கோப்பி திறந்து செய்வதற்குச் சமமான பலன் தருகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டின. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயில் கதை வேறு. 2018இல் வெளியான 631 பெண்களின் ஆய்வில், நாலரை வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்து செய்தவர்களில் 96.5 வீதம், லப்பரஸ்கோப்பியிலோ ரோபோ மூலமோ செய்தவர்களில் 86 வீதம். அதற்குப் பிறகுதான் உலகமே அந்த நோய்க்குத் திறந்த முறைக்குத் திரும்பியது. வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கிற சாதாரண எண்டோஸ்கோப்பியில் ஆபத்து மிகக் குறைவு. அதே வழியால் போய்ப் பித்தநாளத்தில் விழுந்த கல்லை எடுக்கிற ஈஆர்சிபியில் நூற்றுக்கு 3 முதல் 10 பேருக்குக் கணையம் வீங்கும். வெட்டே இல்லை என்பதால் அதை லேசாக எடுக்க முடியாது.

இனி வீட்டுக்கு வந்த பிறகு. டவுனில் இருப்பவருக்குப் பரவாயில்லை, மூதூர், வெருகல், குச்சவெளிப் பக்கம் போய்ச் சேர்ந்தவருக்கு இது உயிர் விஷயம். குடலிலோ பித்தநாளத்திலோ சின்னக் காயம் இருந்தால் அன்றே தெரியாது, இரண்டாம் நாள், ஐந்தாம் நாள் என்று மெல்லத்தான் தலைகாட்டும். வலி ஒவ்வொரு நாளும் குறைய வேண்டும். குறைந்துகொண்டு வந்த வலி திரும்பக் கூடினால், வயிறு உப்பினால், காய்ச்சல் அடித்தால், கண் மஞ்சளானால், சத்தி நிற்காவிட்டால் ஃபார்மசியில் வலிக் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. மாமியின் கார்டில் இதெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு வரியாகத்தான் கிடந்தது, வாசித்துக் காட்ட ஆள் இல்லாத வீடுகளை நினைத்தால் மனம் ஆறவில்லை.

இன்னொன்று. எடுத்த பித்தப்பையைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டை வாங்கி கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மிகச் சிலருக்குத்தான், ஆனால் கல்லுக்காக எடுத்த பையில் யாரும் எதிர்பார்க்காத புற்றுநோய் இருப்பது அந்தக் கடதாசியில்தான் முதலில் தெரியவரும்.