எது இழுக்கப்போகுது, ஆர் அவிழ்க்கப்போறது?

எங்கள் சாரணர் ஆசிரியர் காலமான செய்தி எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அஞ்சலிக் குறிப்பு வேறொருவர் எழுதுகிறார். எனக்கு அவருடைய முடிச்சுகளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

சனிக்கிழமை, வேப்பமரத்தடி, கயிற்றுச் சாக்கு என்றால் எங்கள் காலத்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. முடிச்சைப் போடத் தெரிந்தால் மட்டும் சேருக்குப் போதாது. “எது இழுக்கப்போகுது? ஆர் அவிழ்க்கப்போறது?” இந்த இரண்டுக்கும் பதில் சொன்ன பிறகுதான் கயிற்றில் கை வைக்கலாம்.

சாரணர் எல்லோரும் முதலில் படிக்கிற ரீஃப் முடிச்சை, காயத்துக்குக் கட்டுப் போடவும் பொதி கட்டவும்தான் அவர் விட்டார். தட்டையாகக் கிடக்கும், தோலில் உறுத்தாது. ஆனால் இரண்டு கயிறுகளை இணைத்துப் பாரம் தூக்க அதை நம்பக் கூடாது, புரண்டு கழன்றுவிடும். அதற்கு ஷீட் பென்ட்: தடித்த கயிற்றை மடித்து, மெல்லியதை அதன்மேல் சுற்றிச் செருக வேண்டும். வழுக்கும் நைலோன் என்றால் இன்னொரு சுற்று.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரைக்குக் கூட்டிப்போய் வள்ளங்களைக் காட்டுவார். தடியோடு தடி பிணைக்கத் தொடங்கும்போது குளோவ் ஹிட்ச் நல்லது. அலை இழுத்து இழுத்து விடுகிற இடத்தில் அது மெல்ல இளகும். வள்ளத்துக்கு, கட்டையை முழுதாகச் சுற்றி இரண்டு அரை முடிச்சு. பாரத்தைச் சுற்றே தாங்குவதால், கயிறு விறைத்து நிற்கும்போதும் அவிழ்க்கலாம்.

கிணற்றில் விழுந்தவரைத் தூக்க, போலைன் என்ற முடிச்சு. கக்கத்துக்குக் கீழே நெஞ்சைச் சுற்றிப் போட்ட வளையம் பாரத்தில் இறுகாது. ஆள் தொங்கும்வரை அவிழாது, மேலே வந்ததும் சுலபமாகக் கழற்றலாம். வளவுக்கு ஒரு கிணறு உள்ள எங்கள் ஊரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது தெரிய வேண்டும் என்பார்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சேர்ந்த கதையும் வரும். அதில் பாய்க்கயிறு பிடித்தவர்கள் எங்கடை ஆக்கள் என்று சொல்லும்போது அவர் குரல் உயரும்.

அந்தக் கடலுக்கும் அந்தக் கிணறுகளுக்குமாகத்தான் எங்களைப் பழக்கினார். நாங்கள் அநேகம் பேர் வெளிக்கிட்டுவிட்டோம், அவர் போகவில்லை. ரொறன்ரோவில் வான் கூரையில் கட்டிலைக் கட்டும்போது அவருடைய கேள்விகள் உதவத்தான் செய்கின்றன. இருந்தாலும் அங்கே நின்றிருந்தால் இப்போது அந்த வேப்பமரத்தடியில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன் என்ற எண்ணம் போகவில்லை.

அவர் பெயரில் கல்வெட்டு வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. என் விருப்பம் வேறு. சாரணர் குழுவுக்கு நல்ல பருத்திக் கயிறு வாங்கிக் கொடுப்போம், பழகுகிற கைக்கு நைலோன் சரிவராது. கயிற்றை இங்கிருந்து அனுப்பலாம். சொல்லிக்கொடுக்க ஆள் அங்கேதான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்கள் வகுப்பு நண்பர்களில் யாராவது சனிக்கிழமைகளில் போக முடியுமென்றால் தயவுசெய்து செயலாளரிடம் சொல்லுங்கள்.