பெயர்ச்சீட்டு இல்லாத ஹீத்தரை இனங்காணுதல்

ஹீத்தர் என்ற பொதுப்பெயரில் விற்கப்படும் குறுஞ்செடிகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. மண்ணும் கவாத்துக் காலமும் இனத்துக்கு இனம் மாறுவதால், பெயர்ச்சீட்டு இல்லாமல் என் கைக்கு வந்த செடியை முதலில் இன்னதென்று தெரிந்துகொண்ட பிறகே தொட்டியில் வைத்தேன்.

பூவின் நிறம் இதற்கு உதவாது. வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஊதாவும் இவற்றுள் பலவற்றுக்குப் பொதுவானவை. இலையைத்தான் பார்க்க வேண்டும். ஹீத்தர்களுள் ஓர் இனமான கலூனா வல்காரிஸில் 2 அல்லது 3 மி.மீ. நீளமுள்ள செதில் போன்ற இலைகள் எதிரெதிர் இணைகளாக நான்கு வரிசையில் நெருங்கிப் படிந்திருப்பதால், சிறுகிளை நான்கு புரியாகப் பின்னிய கயிறு போலத் தோன்றும். அதன் பூவில் நிறம் காட்டுபவை புல்லிதழ்களே. அல்லிதழ்கள் அவற்றுக்குள் சிறிதாக மறைந்திருக்கும். ஹீத்தர் என்றே விற்கப்படும் இன்னும் பல இனங்கள் அடங்கிய எரிகா பேரினத்தில் நிலைமை நேர்மாறானது: இலைகள் ஊசி வடிவில் கணுவைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்கும், அல்லிதழ்கள் ஒன்றிணைந்து குடுவை அல்லது மணி வடிவம் பெறும்.

என் செடியில் கணுவுக்கு நான்கு இலைகள் இருந்ததால், பொதுவாக மூன்று இலைகள் கொண்ட எரிகா சினேரியாவை ஒதுக்கிவிட்டேன். எரிகா டெட்ராலிக்ஸுக்கும் நான்குதான். ஆனால் அதன் இலைகளில் மயிர்கள் உண்டு, கோடையில் மலரும் பூக்கள் கிளை நுனியில் கொத்தாகத் தொங்கும். என்னுடையதிலோ இலைகள் வழவழப்பானவை, பூக்கள் குளிர்காலத்தின் இறுதியில் கிளையின் ஒரே பக்கமாக வரிசை கட்டின. உருப்பெருக்கியில் பார்த்தபோது ஒவ்வொரு பூவின் வாயிலிருந்தும் கரும்பழுப்பு மகரந்தப்பைகள் வெளியே நீண்டிருந்தன. அது எரிகா கார்னியா. அதன் கலப்பினமான டார்லியென்சிஸும் ஏறக்குறைய இப்படியே பூக்குமாயினும் அதைவிட உயரமாக வளரும். என் செடி தரையோடு படர்ந்தே நிற்கிறது. இதே செடிக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் எரிகா கார்னியா, எரிகா ஹெர்பேசியா என்று இரண்டு பெயர்கள் சூட்டியிருக்கிறார் என்பதால், இதில் தடுமாறுபவர்கள் வெட்கப்படத் தேவையில்லை.

இனம் தெரிந்ததும் மண் பற்றிய கவலை பாதி குறைந்தது. கலூனாவுக்கு அமில மண் கட்டாயம்; சுண்ணாம்பு மிகுந்தால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளித்துவிடும். ஆல்ப்ஸ் மலையின் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளிலும் வளரும் கார்னியா, அமில மண்ணை விரும்பினாலும் ஓரளவு சுண்ணாம்பைத் தாங்கிக்கொள்ளும். உரத்தை இரண்டுக்குமே அள்ளிப் போடக் கூடாது. மயிரிழை போன்ற வேர்களின் செல்களுக்குள் வாழும் பூஞ்சைகளே சத்தற்ற மண்ணிலிருந்து நைட்ரஜனைத் திரட்டித் தருகின்றன.

அந்த நுண்வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால் தொட்டி ஒருமுறை முற்றிலும் காய்ந்தாலும் ஆபத்துதான். வேர் செத்த பின்னும் இலைகள் சில நாட்கள் பச்சையாகவே இருந்து ஏமாற்றும். அவை உதிரத் தொடங்கும்போது தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. ஈரம் காக்க, மண்மேல் மெல்லிய மூடாக்கு (இலைச்சருகு போன்ற போர்வை) போதும். நீர் தேங்கினால் வேரழுகல் வரும்.

கவாத்தில்தான் இனங்காண்பதன் முழுப் பயனும் தெரியும். கோடை இறுதியில் பூக்கும் கலூனாவை, தளிர்க்கும் முன் இளவேனில் தொடக்கத்தில் வெட்டலாம். கார்னியாவோ அடுத்த பருவத்துக்கான மொட்டுகளைக் கோடையிலேயே கட்டிவிடும். இலையுதிர்காலத்தில் பச்சை மணிகளாகத் தெரியும் அவற்றைக் காய்ந்த பூக்கள் என்று எண்ணி நறுக்குபவர் அந்த ஆண்டின் பூக்களையே இழக்கிறார். ஆகவே பூ முடிந்த உடனே, இலையுள்ள பகுதியோடு நிறுத்தி வெட்ட வேண்டும். இலையற்ற பழைய கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. நடுவில் வெறுமையாகிவிட்ட பழைய செடியை வெட்டிச் சீராக்க முயல்வதைவிட, படர்ந்த கிளையொன்றை மண்ணில் அழுத்திப் பதியம் போட்டு வேர்விட்ட பின் பிரித்து நடுவதே மேல் என்பது என் கருத்து.