தகரக் கொட்டகையில் எஸ்றா

ஜூன் 5, 2024, புதன்

பழைய ஆலயத்தின் கடைசிச் சுவரையும் நேற்று ஜேசிபி தள்ளிவிட்டது. புதுசு எழும்பும்வரை ஆராதனை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போட்ட தகரக் கொட்டகையில்தான். சாயந்தரம் ஐயர், எங்கள் சபைப் போதகர், கூப்பிட்டார். புதன்கிழமை வேதபாடத்தை நான் எடுக்க வேண்டுமாம், பழைய ஏற்பாட்டில் வரும் எஸ்றா புத்தகம். "கட்டுற நேரத்துக்குப் பொருத்தமா இருக்கும்லா" என்றார். முப்பத்தோரு வருஷம் மும்பையில் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, சபையில் பாதிப் பேருக்கு நான் இன்னும் பம்பாய்க்காரர்தான். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து எருசலேமுக்குத் திரும்பின யூதர்கள் கதையை இந்த ஆளிடமே கொடுப்போம் என்று நினைத்திருப்பார் போல.

இன்று பதினோரு பேர். முதல் அதிகாரத்தில் பாரசீக ராஜா கோரேஸ் (சரித்திரப் புத்தகத்தில் சைரஸ்) வந்ததும் என் மும்பைக் கதையை எடுத்துவிட்டேன். கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்தவன், அடுத்த வருஷமே யூதர்களைப் போய் ஆலயம் கட்டச் சொன்னவன். அவன் பேரில் எழுதின களிமண் உருளை 1879இல் பாபிலோன் இடிபாட்டில் கிடைத்தது, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதை 2013 டிசம்பரில் மும்பை மியூசியத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து போய்ப் பார்த்தேன். பெரிய கல்தூணாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், ஒரு சாண் நீளம்தான், நடுவில் உப்பின மத்தளம் மாதிரி, மேலெல்லாம் கோழி கிளறினது போல ஆப்பெழுத்து.

அதில் எருசலேம் என்ற பெயரே இல்லை என்று சொன்னதும் இரண்டு பேருக்கு முகம் சுருங்கிவிட்டது. பாபிலோனின் மர்துக் தெய்வம் தன்னைத் தேர்ந்தெடுத்ததாகத்தான் கோரேஸ் அதில் பேசுகிறான், பல ஊர்த் தெய்வங்களையும் ஜனங்களையும் அவரவர் இடத்துக்கே திருப்பி அனுப்பினதாகச் சொல்கிறான். நம்ம ஆட்களுக்கு மட்டும் கிடைத்த சலுகை இல்லை, ராஜாவின் பொதுவான நடைமுறை. இதனால் வேதம் பொய்யாகிவிடுமா என்று வாலிபர் சங்கத் தம்பி கேட்டான். ஆகாது, சர்க்கார் ஜி.ஓ.வில் நம்ம ஊர்ப் பெயர் இல்லை என்பதற்காக நம்ம ஊருக்கு ரோடு போடவில்லை என்று ஆகிவிடுமா என்றேன். சிரித்தார்கள். முழுக்கச் சரியான பதிலா என்று வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன், பரவாயில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கொட்டகையில் முதல் ஞாயிறு. காற்று தகரத்தைப் பிடித்து ஆட்டியதில் பிரசங்கத்தில் பாதி கேட்கவில்லை. பழைய ஆலயத்தில் எந்தக் குடும்பம் எந்தத் தூண் பக்கம் என்பது மூன்று தலைமுறையாக எழுதாத சட்டம். இங்கே தூணும் இல்லை, எல்லாம் வாடகை பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் வந்தவர் முன்னால் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதற்கே ஆராதனை முடிந்ததும் இரண்டு குடும்பத்துக்குள் முறுமுறுப்பு.

ஜூன் 12, புதன்

எஸ்றா இரண்டாம் அதிகாரம். வெறும் பெயர்ப் பட்டியல், தாண்டிவிடலாம் என்றுதான் ஐயரே சொன்னார். இன்றைக்குத்தான் ரொம்ப சுவாரஸ்யமாகப் போனது.

காரணம் பொருளாளர் அண்ணாச்சி. கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், சபைக் கணக்கில் இரண்டு ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூங்க மாட்டார். நான் பாரோஷின் புத்திரர் 2,172 பேர் என்று வாசிக்க ஆரம்பித்ததுமே சட்டைப்பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்துவிட்டார். பெத்லகேமார் 123, ஆனதோத்தார் 128, ஆலய ஊழியம் செய்யும் லேவியர் வெறும் 74 என்று நான் வாசிக்க வாசிக்க அவர் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே வந்தார். 64ஆம் வசனத்தில் சபையார் மொத்தம் 42,360 என்று வந்ததும் கையைத் தூக்கினார்.

"தம்பி, டோட்டல் இடிக்குது. எனக்கு 29,818தான் வருது."

12,542 பேர் குறைகிறார்கள். அவர் தப்பில்லை, அந்தக் கூட்டுத்தொகைதான் வரும். இதே பட்டியல் நெகேமியா ஏழாம் அதிகாரத்தில் மறுபடி வருகிறது, அங்கேயும் மொத்தம் 42,360தான், ஆனால் உள்ளே கூட்டினால் 31,089. எஸ்றாவில் அஸ்காத்தின் புத்திரர் 1,222, நெகேமியாவில் 2,322. ஆராகின் புத்திரர் ஓரிடத்தில் 775, இன்னோரிடத்தில் 652. பாடகரும் பாடகிகளும் இங்கே 200, அங்கே 245. பெண்களை மொத்தத்தில் மட்டும் சேர்த்திருப்பார்கள் என்பார் ஒருவர், கைப்பிரதி எழுதினவர் தவறவிட்டார் என்பார் இன்னொருவர். அண்ணாச்சி இரண்டையும் ஏற்கவில்லை. "ஆடிட்ல நிக்காது" என்றார்.

ஆனால் குதிரை 736, கோவேறு கழுதை 245, ஒட்டகம் 435, கழுதை 6,720 என்று மிருகத்தைக்கூடத் தலை எண்ணி எழுதியிருக்கிறானே என்பதில் அவருக்குத் திருப்தி. கழுதைதான் இருப்பதிலேயே அதிகம். ஊர் திரும்பினது ராஜபவனி இல்லை, மூட்டைமுடிச்சோடு மாதக்கணக்கில் நடந்த நடை. ஆலய வேலைக்குத் தங்கக்காசு 61,000, வெள்ளி 5,000 இராத்தல், ஆசாரிய வஸ்திரம் 100 என்று காணிக்கைக் கணக்கும் கடைசியில் இருக்கிறது. அதைக் கேட்டு செக்ரட்டரி விட்ட பெருமூச்சு கொட்டகை முழுக்கக் கேட்டது.

ஜூன் 19, புதன்

ஒரு சின்ன விஷயம். சென்னையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்திருந்தாள், அடுத்த மாதம் கல்யாணம், சபையில் மூன்று ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க ஞானஸ்நானச் சான்று வேண்டும். ஆலயத்தை இடிக்கும்போது பழைய பதிவேடுகளை வேறு அறைக்கு மாற்றினார்கள், அவள் பிறந்த வருஷத்து நோட்டில் பாதியைக் கரையான் அரித்திருக்கிறது. உபதேசியார் ஒவ்வொரு தாளாக ஊதிப் பிரித்தார், மாவு மாதிரி உதிர்ந்தது. கடைசியில் ஞானத்தாய் உயிரோடு இருக்கிறார் என்பதால் அவரைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கினார்கள். சரி, முடிந்தது.

இதே எஸ்றா இரண்டில், தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் கிடைக்காத ஆசாரியக் குடும்பங்களை ஊழியத்துக்கு விலக்கிவைத்தார்கள். ஊரீம் தும்மீமுள்ள, அதாவது தேவனிடம் கேட்டு முடிவு சொல்லக்கூடிய, ஆசாரியன் எழும்பும்வரை காத்திரு என்று உத்தரவு. இதைப் படிக்கும்போதெல்லாம் மும்பையில் என்னோடு வேலை பார்த்த பெனே இஸ்ரவேல் நண்பர் நினைவுக்கு வருவார். கொங்கண் கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்த யூதர்கள், செக்கில் எண்ணெய் ஆட்டும் தொழில், சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் மராத்தியில் சனிவார் தேலி, அதாவது சனிக்கிழமை வாணியர் என்றே பெயர். 1948க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் இஸ்ரேலுக்குக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். அங்கே போனால் சில ரபீமார் இவர்களுடைய திருமணப் பதிவில் சந்தேகம் எழுப்பி, தாய் வழி யார், பாட்டி வழி யார் என்று விசாரிக்கச் சொன்னார்கள். இவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 1964இல் இஸ்ரேல் பாராளுமன்றமே இவர்கள் எல்லா விதத்திலும் முழு யூதர்கள்தான் என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது. சொந்த வீட்டு வாசலில் நிற்கவைத்து நீ யார் என்று கேட்டால் எப்படி இருக்கும்? நண்பர் அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொல்வார், அக்கா அங்கே இருக்கிறார், இவர் போகவே இல்லை.

ஜூன் 26, புதன்

நண்பர் போகவில்லை என்று எழுதினேன் அல்லவா, இன்று வகுப்பில் அதே கேள்வி வந்தது. பாபிலோனில் இருந்த எல்லாரும் திரும்பினார்களா? ஞாயிறு பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தில் கதவு திறந்ததும் மொத்த ஜனமும் ஓடிவந்தது போலத்தான் மனதில் பதிந்திருக்கிறது. நிஜத்தில் பலர் வரவில்லை. எரேமியா தீர்க்கதரிசி கடிதம் எழுதியே சொல்லியிருந்தார், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள் என்று. அப்படியே செய்தார்கள். நிப்பூர் ஊரில் 1893இல் தோண்டி எடுத்த முராஷு என்ற வட்டிக்கடைக் குடும்பத்தின் களிமண் கணக்குகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. குத்தகை எடுத்தவன், கடன் வாங்கினவன், சாட்சி நின்றவன் என்று யூதப் பெயர்கள் அதில் வருகின்றன. ஊர்ப்பக்கமே திரும்பாத பேரப்பிள்ளைகள். யூதா ஊர் என்று பொருள்படும் அல்-யாகூது என்ற பெயரிலேயே பாபிலோனியாவில் ஒரு ஊர் இருந்திருக்கிறது, அங்கே எழுதின ஒப்பந்தங்களும் கிடைத்திருக்கின்றன. தாராவியில் நம்ம ஆட்கள் தெருவுக்கே நம்ம ஊர்ப் பேச்சு கேட்கும், அது மாதிரி.

"அப்போ வராதவங்களுக்கு விசுவாசம் கம்மியா?" என்று ஐயரம்மா கேட்டார்கள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆலயத்துக்கு வெள்ளியும் பொன்னும் கொடுத்தனுப்பினதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. நம்ம கட்டடநிதி நோட்டைப் பாருங்கள், துபாய், பெங்களூர், மும்பைப் பெயர்களை எடுத்துவிட்டால் அஸ்திவாரத்துக்குக்கூடக் காணாது. அவர்கள் சபை விருந்தான அசனப் பண்டிகைக்கு மூன்று நாள் வந்து போவார்கள். அவ்வளவுதான் வருவார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து அடிக்கல் நாட்டினார்கள். பேராயர் வந்து ஜெபித்தார், பாடகர் குழு பாடினது, பட்டாசு வேண்டாம் என்று சொல்லியும் வாலிபர் சங்கம் சரம் கொளுத்தியது.

மேற்குத் தெருப் பாட்டிக்கு 84 வயது. கூட்டத்தில் சேராமல் பின்னால் இடிபாட்டுக் குவியல் பக்கம் போய்க் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். சேலை முழுக்கச் சுண்ணாம்பு. என்ன பாட்டி என்று போனேன். தட்டோடு. பழைய ஆலயத்துத் தளத்தில் பதித்த செங்கல் தட்டோடு, ஆல்டர் படிக்குக் கீழே மூன்றாம் வரிசையில் ஒன்றில் மட்டும் நாய்க்கால் தடம் இருக்கும், ஈரக்களிமண்ணில் நாய் மிதித்துச் சூளைக்குப் போனது. சின்ன வயதில் அந்தத் தடத்தில் கால்விரலை வைத்து அழுத்திக்கொண்டே பிரசங்கம் கேட்போம், எனக்கும் தெரியும். பாட்டி கல்யாணத்துக்கு நின்றது அந்த வரிசையிலாம். "அது மட்டும் கெடச்சாப் போதும்யா" என்றார்கள், கண்ணில் தாரை தாரையாக ஊற்றுகிறது, அந்தப் பக்கம் சரவெடி வெடித்துக்கொண்டே இருக்கிறது.

எஸ்றா மூன்றாம் அதிகாரத்தை அந்த வாரம்தான் எடுத்திருந்தேன். அஸ்திபாரம் போடும்போது, முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் மகா சத்தமாய் அழுதார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள், எது அழுகைச் சத்தம் எது சந்தோஷச் சத்தம் என்று பிரித்தறிய முடியவில்லை என்று இருக்கும். நானும் வகுப்பில் கணக்கெல்லாம் சொன்னேன், பழைய ஆலயம் எரிந்தது கி.மு. 586, இது ஏறத்தாழ 536, ஆகவே அழுதவர்களுக்குக் குறைந்தது ஐம்பத்தைந்து, அறுபது வயதாவது இருக்க வேண்டும், ஆர்ப்பரித்தவர்கள் அதைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள், தாத்தா சொல்லக் கேட்ட ஊருக்குத்தான் அவர்கள் திரும்பினார்கள் என்று. நன்றாகத்தான் சொன்னேன். ஆனால் அழுதவர்கள் எதைத் தேடி அழுதார்கள் என்று யோசித்ததே இல்லை. சாலொமோன் கட்டின அந்த ஆலயத்தின் பொன்னை நினைத்துத்தான் இருக்கும் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

தட்டோடு கிடைக்கவில்லை. லாரியில் இரண்டு லோடு ஏற்கெனவே போய்விட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

வேலை நின்று இருபது நாள். பணம் தீர்ந்துவிட்டது. கான்ட்ராக்டர் ஃபோனை எடுப்பதில்லை.

எருசலேமிலும் அஸ்திபாரத்தோடு நின்று பதினைந்து வருஷத்துக்கு மேல் கிடந்தது. எதிரிகள் கடிதம் எழுதித் தடுத்தார்கள் என்பது நாலாம் அதிகாரம். ஆகாய் தீர்க்கதரிசி வந்து வேறு காரணம் சொல்கிறார்: ஆலயம் பாழாய்க் கிடக்க, நீங்கள் மச்சுப்பாவின வீடுகளில் குடியிருக்கிறீர்கள். பாரசீக ராஜா தரியுவின் இரண்டாம் வருஷம், கி.மு. 520. அதற்குப் பிறகுதான் வேலை சூடுபிடித்து 515இல் முடிந்தது. இதை வாசிக்கும்போது போன வருஷம் மாடி எடுத்தவர்கள் மூன்று பேர் கொட்டகையில் இருந்தார்கள், ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார், திரும்ப வரவில்லை.

நாலாம் அதிகாரத்தில் எனக்கு உறுத்துகிற இடம் வேறு. பக்கத்து நாட்டார் வந்து, நாங்களும் உங்கள் தேவனையே நாடுகிறோம், சேர்ந்து கட்டுகிறோம் என்கிறார்கள். திரும்பினவர்களின் தலைவன் செருபாபேலும் ஆசாரியன் யெசுவாவும் முகத்துக்கு நேரே முடியாது என்கிறார்கள். அவர்கள் சத்துருக்கள் என்று வேதமே சொல்கிறது, சரி. சிறையிருப்பில் கரைந்துபோகாமல் தப்பிவந்தவர்களுக்குக் கலந்துவிடுவோமோ என்ற பயம் இருந்திருக்கும், அதுவும் புரிகிறது. இருந்தாலும் இங்கே பஜாரில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, முருக பக்தர், கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம், போன வாரம் ஐம்பது மூட்டையைத் தானாகவே இறக்கிவிட்டுப் போனார். கமிட்டியில் ஒருவர் எஸ்றா நாலைக் காட்டி அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். நான் எடுத்த வகுப்பு இப்படிப் போய் முடிகிறதே என்று எனக்குப் பகீரென்றது. கோரேஸ் யாருடைய பக்தன், அவன் கொடுத்த செலவுப் பணத்தை யாராவது திருப்பினார்களா என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். மூட்டை இருக்கட்டும் என்று ஐயர் முடித்துவைத்தார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வேலை மறுபடி தொடங்கியாயிற்று. இப்போது சண்டை கல்வெட்டில். ஐயாயிரத்துக்கு மேல் கொடுத்தவர் பெயரா, பத்தாயிரமா? பெண்கள் ஐக்கிய சங்கம் மாதாமாதம் பிடியரிசி விற்றுச் சேர்த்தது ஒன்றே கால் லட்சம், அதை 'பெண்கள் சங்கம்' என்று ஒரே வரியில் போடப் பார்க்கிறார்கள். சிமெண்ட் அண்ணாச்சி பெயர் வரைவுப் பட்டியலிலேயே இல்லை. பொருளாளர் மட்டும் தனியாகக் கூட்டிப் பார்த்து, பெயர்களுக்கு நேரே இருக்கும் தொகைக்கும் வங்கிக் கணக்குக்கும் 3,400 ரூபாய் இடிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார்.

எருசலேம் மதிலைக் கட்டினதைச் சொல்லும் நெகேமியா மூன்றாம் அதிகாரம் முழுக்க இதுதான். யார் எந்த வாசலைக் கட்டினார், யார் தன் வீட்டுக்கு எதிரே கட்டினார், தட்டானும் தைலக்காரனும் எந்தப் பகுதியை எடுத்தார்கள் என்று வரிசையாகப் பெயர் போட்டு எழுதியிருக்கிறது. தெக்கோவா ஊரார் கட்டினார்கள், அவர்களில் பெரியவர்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்பதையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறது. எருசலேமில் பாதிக்குப் பிரபுவான சல்லூம் தன் குமாரத்திகளோடு சேர்ந்து கட்டினான் என்று 12ஆம் வசனம்.

சங்கத்துச் செயலாளர் அக்கா காலையில் ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்த வசனம் எது என்று கேட்டு, கையில் இருந்த காணிக்கைக் கவரில் குறித்துக்கொண்டு போனார்கள். வருகிற புதன் நெகேமியா மூன்று. நாற்காலி அம்பது சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.