இடது பாக்கெட்டுக்கு ஒரு துப்பாக்கி

போன வருஷம் மார்ச்சில் ஒரு ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, இடுப்பிலிருந்த பிஸ்டலைக் கழற்றினேன். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் அரை அங்குலம் வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. காரில் உட்கார்ந்தபோது சீட் பெல்ட் கொக்கி மேகசினை விடுவிக்கும் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். வங்கிச் சுவரில் இருக்கும் டெபாசிட் பெட்டியில் அன்றைய வசூலைப் போட்டது, இருட்டில் நின்று பூட்டைச் சரிபார்த்தது எல்லாமே குழலின் பின்முனையில், சேம்பருக்குள் இருந்த ஒரே ஒரு தோட்டாவை நம்பித்தான். சில பிஸ்டல்கள் மேகசின் விலகினால் அந்த ஒன்றையும் சுடாது. என்னுடையது எந்த வகை என்று அன்றுவரை எனக்குத் தெரியாது என்பதுதான் கேவலம்.

ஹூஸ்டனுக்குத் தெற்கே ஒரு பெட்ரோல் பங்க், கூடவே சின்னக் கடை. ஐ.டி. வேலையை விட்டு இதற்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஹெச்-1பி விசாவில் இருந்த காலத்தில் துப்பாக்கியைப் பற்றி யோசித்ததே இல்லை. அந்த விசாக்காரர்கள், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு தவிர, துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் இடம் தராது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ளவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துப் போகலாம். ஆனாலும் நான் லைசென்ஸ் எடுத்தேன். வகுப்பில் சட்டம் சொல்லித் தருகிறார்கள், வேறு பல மாநிலங்களிலும் அது செல்லும். தேர்வில் 50 தோட்டா, 3, 7, 15 கஜ தூரங்களில் சுட வேண்டும். 250 புள்ளிக்கு 175 எடுத்தால் பாஸ். 231 வாங்கினேன். அந்த மார்க் தந்த மிதப்பில்தான் மேகசினைத் தடவிப் பார்க்கும் பழக்கம்கூட இல்லாமல் இருந்திருக்கிறேன்.

முதலில் பெல்ட்டையும் துப்பாக்கியைச் செருகி வைக்கும் ஹோல்ஸ்டரையும் மாற்றினேன். அப்புறமும் மனசு ஆறவில்லை. இரண்டாவதாக ஒன்று வேண்டும் என்றதும் வீட்டில், "என்னங்க, ஒண்ணு போதாதா? ரெண்டு கைக்கும் ரெண்டா?" என்று கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் விஷயமே அந்த இடது கைதான் என்று பிறகு புரிந்தது.

ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் கூடத்துக்கு, போகும் பழக்கத்தை எனக்குச் செய்து வைத்தவர் ஓர் அண்ணாச்சி. எங்கள் ஊர்ப்பக்கம், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அவரிடம் .380 அளவுத் தோட்டா போடும் ஒரு பிஸ்டல் இருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கும், பாக்கெட்டில் போட்டால் பர்ஸ் மாதிரிதான் தெரியும். எனக்கு உடனே பிடித்துவிட்டது. வலது கையில், இரண்டு கையில் என்று 60 தோட்டா சுட்டேன், ஒரு சிக்கலும் இல்லை. பணம் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இத எப்போ எடுப்பீங்க?" என்று கேட்டார்.

"பெருசு மக்கர் பண்ணினா."

"இல்ல வலது கையில அடிபட்டுட்டா. இல்ல எவனாவது அந்தக் கையப் பிடிச்சிட்டா. இப்போ இடது கையில மட்டும் சுடுங்க."

சுட்டேன். மூன்றாவது தோட்டாவிலேயே நின்றுவிட்டது. காலி உறை வெளியே விழாமல், பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் வாயில் மாட்டிக்கொண்டு புகைபோக்கி மாதிரி நட்டமாக நின்றது. சரிசெய்துவிட்டு மறுபடி சுட்டேன், ஐந்தாவதில் அதே கதை. அண்ணாச்சி சுட்டால் இடது கையிலும் ஒழுங்காக ஓடியது. பிரச்சினை என் மணிக்கட்டு. தானியங்கிப் பிஸ்டலில் ஸ்லைடு பின்னால் போய்த்தான் காலி உறையைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். அதற்குக் கை அசையாமல் தாங்கிக் கொடுக்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் அந்த விசையில் பாதி கையோடு போய்விடும், ஸ்லைடு முழுத்தூரம் போகாது. துப்பாக்கி எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு இது படுத்தும். மாட்டிய உறையை எடுக்கவோ இரண்டு கை வேண்டும். ஒரு கை போய்விட்டால் எடுப்பதற்காக வைத்திருக்கும் துப்பாக்கிக்கு இரண்டு கை!

அன்றிலிருந்து எனக்கு ஒரே சோதனைதான். எதைக் கையில் கொடுத்தாலும் முதல் இருபது தோட்டா இடது கையில். ரேஞ்சில் வாடகைக்குக் கிடைப்பதை எல்லாம் இரண்டு மாசம் இப்படிச் சுட்டுப் பார்த்தேன். சிக் பி365 என்ற பிஸ்டல் நன்றாக ஓடியது, பத்துத் தோட்டா பிடிக்கும், ஆனால் என் பாக்கெட்டில் அதன் பிடி துருத்திக்கொண்டு நின்றது. க்ளாக் 26 இன்னும் தடிமன், தோட்டா நிரப்பினால் கிட்டத்தட்ட முக்கால் கிலோ. இடுப்பில் க்ளாக் 19 வைத்திருப்பவர்களுக்கு 26 அருமையான ஜோடி, அதே மேகசின் இதிலும் பொருந்தும். என்னுடையது வேறு கம்பெனி என்பதால் அந்த லாபமும் இல்லை.

கடைசியில் வந்து நின்றது, நான் கிழவர்கள் சமாசாரம் என்று ஒதுக்கி வைத்திருந்த குட்டி ரிவால்வரில். ஸ்மித் அண்ட் வெஸன் 642. .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டா, அதுவும் ஐந்தே ஐந்து, குழல் இரண்டு அங்குலம்கூட இல்லை, காலியாக 410 கிராம் சொச்சம். தோட்டாவை வெடிக்க வைக்கத் தட்டும் சுத்தியல் உள்ளேயே மறைந்திருப்பதால் பாக்கெட் துணியில் எதுவும் மாட்டாது. மணிக்கட்டு தளர்ந்தாலும் அதற்குக் கவலையில்லை, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைச் சுற்றுவது ட்ரிகரை இழுக்கும் என் விரல். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி ட்ரிகரை இழுத்தால் அடுத்தது வரும். எதிராளி மேலேயே வந்து விழுந்து குழல் அவன் உடம்பில் அழுந்தினால் பிஸ்டலின் ஸ்லைடு பின்னுக்குத் தள்ளப்பட்டுச் சுடாமல் போகலாம். ரிவால்வரில் அந்தத் தொல்லையும் கிடையாது.

ஆனால் சுடுவதற்குச் சுகமான துப்பாக்கி இல்லை, சொல்லிவிடுகிறேன். ட்ரிகர் இழுவை 12 பவுண்டு பக்கம். உதை நேராகக் கட்டைவிரல் இடுக்கில் இறங்கும். முதல் நாள் வீரியமான பிளஸ் பி தோட்டா 25 சுட்டுவிட்டு, மறுநாள் கடையில் கல்லாப் பெட்டியைத் திறக்கவே கை நடுங்கியது. தாங்க முடியாத தோட்டாவை நிரப்பிவைத்து என்ன பயன்? 148 கிரெய்ன் எடையுள்ள வாட்கட்டருக்கு மாறினேன். மூக்கே இல்லாமல் தட்டையாக இருக்கும் பழைய குறிப்பயிற்சித் தோட்டா, உதை மிதம். அதன் குறை, அவசரத்தில் சிலிண்டருக்குள் சட்டென்று நுழையாது, தட்டை முனை விளிம்பில் முட்டும். அதனால் சிலிண்டரில் வாட்கட்டர், சட்டைப் பையில் வைக்கும் ஸ்பீடு ஸ்ட்ரிப்பில், அதாவது தோட்டாக்களை வரிசையாகச் செருகிய பட்டையில், உருண்டை மூக்குத் தோட்டா.

ரிவால்வர் மக்கர் பண்ணாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருநாள் நாற்பதாவது தோட்டா வாக்கில் சிலிண்டர் மூடவே இல்லை. உறையைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் நாலைந்து. குழலை வானம் பார்க்கப் பிடித்து உறைகளைக் கொட்டியிருந்தால் வந்திருக்காது, தப்பு என்னுடையது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்ததும் சரியாகிவிட்டது. ரேஞ்சில் பிரஷ் இருந்தது.

வாங்கிய அன்று துப்பாக்கி வாங்குபவர்களுக்கான மத்திய அரசுப் படிவம் 4473 நிரப்பினேன். கையில் லைசென்ஸ் இருந்ததால் கடைக்காரர் எஃப்.பி.ஐ. சோதனைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அதைவிடக் கஷ்டம் பாக்கெட்தான். ட்ரிகரை முழுக்க மூடும் பாக்கெட் ஹோல்ஸ்டர் அவசியம், அந்தப் பாக்கெட்டில் வேறெதுவும் கூடாது. பத்து வருஷமாக இடது பாக்கெட் என் சாவிக்கொத்துக்கு. மூன்று வாரம் காலித் துப்பாக்கியோடு வீட்டில் பழகினேன். முதலில் எடுத்தபோதெல்லாம் ஹோல்ஸ்டரும் சேர்ந்தே வெளியே வந்தது. சொரசொரப்பான வெளிப்பக்கம் உள்ளதை வாங்கிய பிறகுதான் நின்றது. வாரம் ஒருமுறை சிலிண்டரில் சேரும் பஞ்சையும் ஊதி எடுக்கிறேன்.

மகளுக்கு ஒன்பது வயசு. 17 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா உள்ள துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டால் இங்கே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டும் பெட்டிக்குள் போய்விடும். பேர்லாண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போகிற ஞாயிறுகளில் பெட்டியைத் திறப்பதே இல்லை.

போன மாசம் வீட்டுக்காரியையும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனேன். 642-ஐக் கையில் வாங்கி, மூச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ட்ரிகர் பாதி வழியில் நின்றது. இன்னொரு விரலையும் சேர்த்து இழுத்தாள், குண்டு எங்கோ கூரைப் பக்கம் போனது.

"இது உங்க கைக்குப் பார்த்து வாங்கினது," என்று கீழே வைத்தாள். "எனக்கு வேற பாருங்க."

வருகிற சனிக்கிழமை ஸ்லைடு லேசாக இழுக்க வருகிற பிஸ்டலாகத் தேடிப் போகிறோம். முதல் இருபது அவளும் இடது கையில்தான் சுடுவாளாம்.