முகமூடி ஒன்று, ஆள் இரண்டு

டெக்கன் 3 என்ற சண்டை வீடியோ கேமை ஆடும்போது அக்கா எப்போதும் கிங்கைத்தான் எடுப்பாள். ஜாகுவார் தலையும் மல்யுத்த வீரனின் உடம்புமாக நிற்கும் அவன் ஒரு வார்த்தை பேச மாட்டான், உறுமுவான். நான் எடி என்ற இன்னொரு சண்டைக்காரனை எடுத்துக்கொண்டு கால் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்துவேன். கொஞ்ச நேரம் அது எடுபடும். அப்புறம் கிங் என் இரண்டு கால்களையும் பிடித்து, தன்னைச் சுற்றிச் சுழற்றி, திரையின் அந்தப் பக்கம் வீசிவிடுவான். அதற்கு ஜயண்ட் ஸ்விங் என்று பெயர் இருப்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. "சுத்தல்" என்றுதான் நாங்கள் சொல்வோம்.

பத்து தடவை சுற்றிய பிறகு அக்காவே இரக்கப்பட்டு ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தாள். "அவன் மூஞ்சியையே பாத்துட்டு இருக்காத. கையைப் பாரு."

டெக்கனில் நான்கு பட்டன்களும் நான்கு உறுப்புகள்: இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால். கிங் பிடிக்கப் பாய்கிறபோது எந்தக் கை முன்னால் நீள்கிறதோ அந்தக் கைக்குரிய பட்டனை உடனே அழுத்த வேண்டும், பிடி விட்டுப்போகும். இரண்டு கைகளும் நீண்டால் இரண்டு பட்டன்களையும் சேர்த்து. டெக்கன் 7 காலத்தில் இதற்குக் கிடைக்கும் நேரம் சுமார் 20 ஃபிரேம், அதாவது விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு நேரத்துக்குள் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அழுத்த வேண்டும். அக்காவுக்கு அது மூச்சு விடுவதுபோல் வரும். எனக்கு வரவில்லை. ஆனால் தோற்றுத் தோற்றே எனக்குக் கிங்கைப் பிடித்துப்போனது.

அந்தக் கிங் இரண்டாவது ஆள் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பிளேஸ்டேஷன் 2-இல் வந்த டெக்கன் 5 வட்டுக்குள் முதல் மூன்று டெக்கன்களின் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் விளையாட்டுக்கூட) பதிப்புகளையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். 1994-இல் வந்த முதல் டெக்கனை அதில்தான் முதன்முதலாக ஆடினேன். கட்டம் கட்டமாகச் செதுக்கிய பொம்மைகள்போல உருவங்கள். அதிலும் ஒரு ஜாகுவார் முகமூடி. நம் ஆள்தான், இளமையில் இப்படி இருந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் கதையைத் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, அந்த முகமூடிக்குள் இருந்த மனிதர் நான் டெக்கன் 3 வட்டைத் தொடுவதற்கு முன்பே கதையில் செத்துப்போயிருந்தார்.

முதல் கிங் பெற்றோர் இல்லாமல் மெக்சிகோவில் வளர்ந்தவர். சண்டை ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வாழ்க்கை. ஒரு நாள் படுகாயத்தோடு ஒரு மடாலயத்தின் முன்னால் விழுந்து கிடந்தவரைப் பாதிரியார்கள் எடுத்துக் காப்பாற்றினார்கள். பிழைத்து எழுந்தவர் அதுவரை வாழ்ந்த வாழ்க்கையை உதறிவிட்டுத் தானும் பாதிரியார் ஆனார். தெருவில் திரியும் பிள்ளைகள் தன்னைப்போல் ஆகிவிடக் கூடாது, அவர்களுக்கு ஓர் இல்லம் கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கையில் காசு கிடையாது. தெரிந்த ஒரே தொழிலுக்கே திரும்பினார், இந்த முறை முகமூடியோடு. டெக்கன் கதைக்கு மையமான இரும்புக்கை மன்னன் என்ற சண்டைப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்.

மூன்றாம் இடம்தான். எனக்கு இந்த விவரம் மிகவும் பிடிக்கும். ஜெயிக்கவில்லை, உலகத்தைக் காப்பாற்றவில்லை. இல்லம் கட்டப் பணம் வேண்டியிருந்தது, அது கிடைத்தது, ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அத்தோடு அவர் கதை சுபமாக முடிந்திருக்கலாம். டெக்கன் 2-இல் அவர் குடிகாரராகத் திரிகிறார். ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போன துயரம் அவரைச் சாய்த்துவிட்டது. அவரைத் தேடிவந்து மறுபடி எழுப்பி நிறுத்துகிறவர் ஆர்மர் கிங், அதே ஜாகுவார் முகத்தைக் கறுப்பில் அணிந்திருக்கும் அவருடைய எதிராளி. பிறகு டெக்கன் 3. கதையில் 19 வருடங்கள் ஓடிவிடுகின்றன. மெக்சிகோவின் பழைய இடிபாடுகளிலிருந்து கிளம்பிய ஓகர் என்ற போர்க்கடவுள் உலகின் தேர்ந்த சண்டைக்காரர்களைத் தேடித் தேடிக் கொல்கிறது. கிங்கும் அதில் போய்விடுகிறார்.

இங்கேதான் அக்காவின் கிங் வருகிறான். அந்த இல்லத்தில் வளர்ந்த பையன் அவன். நடத்த ஆள் இல்லாமல் இல்லம் மூடப்படும் நிலைக்கு வந்துவிட, அவன் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு களத்தில் இறங்குகிறான். அவனுக்கு மல்யுத்தம் தெரியாது. சின்ன வயதில் பார்த்த கிங்கின் நடையும் அசைவும் மட்டும் உடம்பில் இருக்கின்றன, பிடிகள் இல்லை. கிங்கை மறுபடி களத்தில் பார்த்ததாகச் சேதி கேட்டு ஓடிவந்த ஆர்மர் கிங், இது நம் ஆள் இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்கிறார். போலி என்று அவனை விரட்டியிருக்கலாம். அவரோ கூடவே தங்கி மல்யுத்தம் கற்றுக்கொடுக்கிறார். கிங்கைக் கொன்றது யார் என்பதையும் அவர்தான் சொல்கிறார்.

இதைப் படித்த அன்று நான் டெக்கன் 3-ஐ மறுபடி எடுத்து ஆடினேன். ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் கிங்கின் தொடர்பிடிகள் இருக்கின்றனவே, ஒவ்வொரு கண்ணிக்கும் தனிக் கட்டளை, சரியான தருணத்தில் அடுத்ததை அழுத்தாவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும். ரோலிங் டெத் கிரேடில் வரை போய்ச்சேர அக்கா எத்தனை சாயங்காலம் பழகினாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையனும் ஆர்மர் கிங்கிடம் இப்படித்தான் பழகியிருப்பான் என்று நினைத்தபோது, கட்டளைப் பட்டியலில் வெறும் அம்புக்குறிகளாக இருந்தவை எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன.

கிங்கின் கதைக்குப் பின்னால் ஓர் உண்மை மனிதர் இருக்கிறார் என்று பரவலாகச் சொல்கிறார்கள். மெக்சிகோவின் சேர்ஜியோ குத்தியேரெஸ் பெனித்தெஸ், கத்தோலிக்கப் பாதிரியார். இளமையில் போதைப்பழக்கத்தில் சிக்கி மீண்டவர். தான் நடத்திய பிள்ளைகள் இல்லத்துக்குப் பணம் திரட்ட, தங்க நிற முகமூடி அணிந்து ஃப்ராய் டொர்மெந்தா என்ற பெயரில் மல்யுத்தக் களத்தில் இறங்கினார். 'புயல் துறவி' என்று சொல்லலாம். தான் யார் என்பதை முதலில் மறைத்தே ஆடினார். இருபது வருடங்களுக்கும் மேல் அடிவாங்கிப் பிள்ளைகளை வளர்த்தார். அவர் முகமூடி அணிந்தே திருப்பலி நிறைவேற்றும் படங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லூச்சா லிப்ரே என்ற மெக்சிகோ மல்யுத்தத்தில் முகமூடி அலங்காரம் இல்லை, அதுதான் ஆள். பந்தயம் கட்டி ஆடும் ஆட்டத்தில் தோற்றவர் எல்லோர் முன்னாலும் முகமூடியைக் கழற்ற வேண்டும், அதைவிடப் பெரிய இழப்பு அங்கே கிடையாது. வெள்ளி முகமூடி அணிந்து பல பத்தாண்டுகள் ஆடிய எல் சாந்தோ 1984-இல் இறந்தபோது முகமூடியோடுதான் அவரை அடக்கம் செய்தார்கள். அவருடைய மகன் அதே வெள்ளி முகத்தோடு களமாடினார். அதனால் கிங்கின் முகமூடி கைமாறுவது ஜப்பானில் ஒரு நிறுவனம் வசதிக்காகச் செய்த கதைத் திருப்பமாக எனக்குத் தோன்றவில்லை. மெக்சிகோவில் அது நடக்கிற காரியம்.

இரண்டாம் கிங்கின் வாழ்க்கையில் பெரிய அடி டெக்கன் 4-இல் விழுகிறது. கற்றுக்கொடுத்த ஆர்மர் கிங்கை அரிசோனாவில் ஒரு மதுக்கடைச் சண்டையில் கிரெய்க் மார்டுக் கொன்றுவிடுகிறான். மார்டுக் சிறையில் இருக்கிறான். அவன் வெளியே வர ஏற்பாடு செய்வதே கிங்தான், தன் கையால் பழிவாங்க. போட்டியில் அவனை அடித்து வீழ்த்துகிறான். அதுவும் போதாமல், கதையை முடித்துவிட மருத்துவமனைக்கே போகிறான். படுக்கையின் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. மார்டுக்கும் அவனுடைய வயதான பெற்றோரும். கிங் திரும்பி நடந்துவிடுகிறான்.

அந்த முடிவுக்காட்சியை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். வசனம் என்று ஒன்றும் கிடையாது, முகமூடி என்பதால் முகபாவமும் கிடையாது. ஆனாலும் அவன் என்ன நினைத்தான் என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளோடு வளர்ந்தவன், அந்தப் படத்தில் இருப்பவர்களிடமிருந்து பிள்ளையைப் பறிக்க அவன் கை எழவில்லை. பின்னால் இருவரும் நண்பர்களாகிச் சேர்ந்து களம் இறங்குகிறார்கள். ஆர்மர் கிங்கின் தம்பி அண்ணனுடைய கறுப்பு முகமூடியை மாட்டிக்கொண்டு மார்டுக்கைத் தேடிவருகிறான். மறுபடி ஒரு முகமூடி, மறுபடி ஒரு கடன்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிந்தைய டெக்கன்களில் கதை முழுவதையும், அப்பாவும் பிள்ளையும் அடித்துக்கொள்ளும் மிஷிமா குடும்பமே எடுத்துக்கொள்கிறது. அப்பா பிள்ளையை மலையிலிருந்து வீசுவார், பிள்ளை அப்பாவை எரிமலைக்குள் வீசுவான், அந்தப் பிரமாண்டத்துக்கு இடம் விட்டு மற்றவர்கள் ஓரமாக நிற்க வேண்டும். டெக்கன் 7-இல் கிங்குக்குக் கிடைத்தது ஒரே ஒரு சண்டையோடு முடிகிற சின்ன அத்தியாயம். அந்த இல்லம் இப்போது எப்படி இருக்கிறது, அங்கே எத்தனை பிள்ளைகள், அவர்களில் எவனாவது கிங்கின் நடையைப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறானா? எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டும். மிஷிமா குடும்பத்தில் பேய் ரத்தம் யாருக்கு ஓடுகிறது என்பதைவிட இது எனக்கு முக்கியம்.

2024 ஜனவரியில் டெக்கன் 8 வந்தது. நானும் அக்காவும் இப்போது வேறு வேறு ஊரில் இருக்கிறோம், ஆன்லைனில் ஆடுகிறோம். எடியை விட்டு வெகுநாள் ஆகிறது, நானும் கிங்தான். முதல் சில வாரம் அவள் பழகிய பிடிகளை அப்படியே பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பிடியை எப்போது போடுவது என்பது மட்டும் பிடிபடவில்லை. "என்னைப் பாத்து ஆடாத, எதிர்ல நிக்கிறவனைப் பாத்து ஆடு" என்றாள் ஹெட்செட்டில்.

போன ஞாயிறு கடைசி ரவுண்டு. இரண்டு ஜாகுவார்களும் எதிரெதிரே, இருவருக்கும் ஒரு அடி தாங்கும் அளவுக்குத்தான் உயிர்க்கோடு மிச்சம். அவள் தாழ்ந்து முன்னால் வந்தாள். வலக்கை நீண்டது. வலக்கைக்கான முக்கோண பட்டனை அழுத்தினேன். பிடி விலகியது. ஹெட்செட்டில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கையைப் பாத்தியா?" என்றாள்.

"ஆமாக்கா."